கசப்புச் சுரத்துக்கு ஐம்பத்தெட்டு மதிப்பெண்

எனக்கு முதலில் தீங்கு செய்தவர் ஹுய் கெமின். எங்கள் வட்டப் பண்பாட்டு அலுவலகத்தின் துணை இயக்குநர். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் செய்தார்கள். ஆனால் முதல் இடம் அவருக்குத்தான். அந்த இடத்தை வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் தாங் ஷுவான்லாவ். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வெய் ஆற்றுக்கு வடக்கே நாடகக் குழுக்களில் முப்பத்தாறு வருஷம் பான்ஹு வாசித்தேன். தேங்காய்ச் சிரட்டையில் மெல்லிய பலகையை ஒட்டி, இரண்டு தந்தி கட்டி, நடுவில் வில்லைச் செருகி இழுக்கிற வாத்தியம் அது. எங்கள் பக்கம் தென்னை கிடையாது. சிரட்டை தெற்கேயிருந்து வரும். அழுகை மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

அழுகை என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் நாடகத்தில் பாட்டுகள் இரண்டு வகை. ஒன்று மகிழ்ச்சிக்கு. மற்றது கசப்புக்கு. கசப்பில் நான்காவது சுரமும் ஏழாவது சுரமும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நடுவில் நிற்கும். துக்க வீட்டு வாசலுக்கு வந்துவிட்டு, உள்ளே போவதா திரும்பிவிடுவதா என்று தயங்குகிற மருமகன் மாதிரி. அந்தத் தயக்கம் காதில் விழுந்தால் எங்கள் ஊரில் கல்லும் மூக்கைச் சிந்தும்.

குழு கலைந்த பிறகு பண்பாட்டு மன்றத்தில் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாற்காலி, ஒரு வெந்நீர்ப் புட்டி, இருபத்திரண்டு வருஷம். யாரும் என்னை நியமிக்கவில்லை. அதனால் யாராலும் நீக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அது மூன்றாம் வகுப்பு அறிவு.

ஒரு வசந்த காலத்தில் ஹுய் கெமின் வந்தார்.

"தாங் மாஸ்டர், உங்க வாசிப்பை அரசாங்கம் பாதுகாக்கப் போகுது."

"யார்கிட்ட இருந்து?"

"காலத்துகிட்ட இருந்து. ஒரு கசப்புப் பாட்டு வாசிங்க, நாலு நிமிஷம் போதும். வட்டம் முழுக்க இதுதான் மாதிரி ஒலி. 'மாதிரி ஒலியின் மூலவர்'னு சிவப்பு முத்திரை போட்ட சான்றிதழ் தர்றோம்."

வானொலி அறையில் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். வாசித்தேன். பதிவு செய்த பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். ஹுய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். சான்றிதழ் அடுத்த வாரம் என்றார். அது எந்த வாரம் என்று சொல்லவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அறிவிப்பு ஒன்று மன்றத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. "மரபுத் தந்தி வாத்தியக் கற்பித்தலில் ஒலிப் பகுப்பாய்வின் துணையை ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, உறுதிப்படுத்துவது குறித்து." ஆழமும் அகலமும் எங்களுக்குப் புரியவில்லை. உறுதி புரிந்தது. கருவிக்கு முன்னால் எல்லோரும் வாசித்துக் காட்ட வேண்டும். எண்பதுக்குக் கீழே எடுத்தவர் வகுப்பு எடுக்கக் கூடாது. கல்யாணம், சாவு, கோயில் திருவிழா எதிலும் வாசிக்கக் கூடாது.

கருவியோடு சீஆன் நகரத்திலிருந்து வந்திருந்த பெண் ஷுவே நிங். பொறியாளர். மரியாதை தெரிந்த பெண். அவள் மீது எனக்கு இருக்கும் கோபம் மூன்றாவது இடத்தில்தான் வரும். திரையில் நீலக் கோடு ஒன்று ஓடியது. அது மாதிரி ஒலி. நாம் வாசிக்கும்போது சிவப்புக் கோடு ஓடும். சிவப்பு நீலத்தின் மேல் படுத்தால் மதிப்பெண். விலகினால் பிழை.

நான் வாசித்து முடித்தேன். அறையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தது.

"எங்க தப்பு இருக்கும்மா?" என்றேன்.

"நாலாவது சுரம், ஏழாவது சுரம் வர்ற இடமெல்லாம், ஐயா. மொத்தம் நாப்பத்தொரு இடம்."

"அதுதான் கசப்பு."

"கருவி அதைப் பிழைன்னு சொல்லுது. ஒரே பிழையை ஒரே மாதிரி நாப்பத்தொரு தடவை செய்றீங்க. இதுக்கு அறிக்கையில ஒரு பெயர் இருக்கு. வேரூன்றிய தீய பழக்கம்."

"மாதிரிய ஒரு தடவை போடு, கேக்கிறேன்."

போட்டாள். நான்கு நிமிஷமும் கேட்டேன். வில்லைத் திருப்புகிற இடம் என்னுடையது. மூன்றாவது வரியில் மூச்சு விடுகிறதும் என்னுடையது. கசப்பு மட்டும் இல்லை. உப்புப் போட மறந்த சேமியா மாதிரி வழவழவென்று போனது.

"இது நான் வாசிச்சது," என்றேன்.

அவள் கோப்பைப் புரட்டினாள். "இருக்கலாம் ஐயா. ஆனா மூலப் பதிவுல நாப்பத்தொரு பிழை இருந்துச்சு. திருத்திட்டோம்."

"அப்ப இப்ப இதை வாசிக்கிறது யாரு?"

"யாரும் வாசிக்கல. இது தரம்."

ஆக, என்னைப் பார்த்து நானே எழுதிய பரீட்சையில் நானே தோற்றுப்போனேன். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: "மாதிரி ஒலிக்கும் தங்களுக்கும் உள்ள உறவை நிரூபிக்கும் சான்று." ஹுய் கெமினிடம் போனேன். ஜன்னல் ஓரத்துத் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சான்றிதழ் ஐயா. மூலவர்னு போட்டுத் தர்றேன்னீங்களே."

"தரணும்னுதான் இருக்கேன், மாஸ்டர். ஆனா விதிப்படி மூலவர் தகுதி பெற்ற ஆசிரியரா இருக்கணும். எண்பது எடுத்துட்டு வாங்க, அன்னைக்கே முத்திரை."

"எண்பது எடுக்காததுக்குத்தான் அந்தச் சான்றிதழே தேவைப்படுது."

"பாத்தீங்களா, ரெண்டும் எவ்வளவு அழகா ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. நாங்க ரொம்ப யோசிச்சு அமைச்ச நடைமுறை இது."

செடிக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீரை எனக்கு ஒரு கோப்பையில் கொடுத்தார். அதையும் நான் மறக்கவில்லை.

அந்த மாதம் தேர்வு எழுதிய பன்னிரண்டு பேரில் ஒருவரும் தேறவில்லை. எல்லோரும் கசப்புக்காரர்கள். மறுதேர்வு அடுத்த வருஷம் ஜூன் மாதம். வெயிலில் தார் உருகுகிற மாதம். முதலில் வந்தவன் லெய் மான்சாங். என்னோடு ஒரே குழுவில் அர்ஹு என்கிற இன்னொரு வில் வாத்தியம் வாசித்தவன். முழங்கால்வரை பஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு வந்தான். முகத்திலிருந்து வியர்வை சொட்டியது.

"காய்ச்சலாடா?" என்றேன்.

"மரபு உடை, அண்ணே," என்றான். உட்கார்ந்தான். வில்லை இழுத்தான். தந்தியில் படாமல் இழுத்தான் என்பது எனக்குத் தெரிந்தது, கருவிக்குத் தெரியவில்லை. மேலங்கியின் உள்பையில் இருந்த கைபேசிதான் அலுவலகத்தின் மாதிரி ஒலியை வாசித்தது. தொண்ணூற்றாறு.

ஷுவே நிங் அறிக்கையைப் படித்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. ஒலியில கொஞ்சம் மூட்டம் தெரியுது."

லெய் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தான். தொண்ணூற்றெட்டு.

அடுத்த நாள் பத்துப் பேர் பஞ்சு மேலங்கியில் வந்தார்கள். பத்துப் பேரும் தேறினார்கள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேர்ச்சி பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு சதவீதமாகப் போயிருந்தது. ஒரே மறுதேர்வில் இப்படி ஒரு முன்னேற்றத்தை மாகாணம் கண்டதில்லை. பாராட்டி எழுதிய பட்டுக்கொடி ஒன்று அனுப்பினார்கள். மேலங்கி போட்ட பதினோரு பேரின் படம் பத்திரிகையில் வந்தது. பிறகு ஊரில் இளம்பெண்கள் பால்தேநீர்க் கடையில் பஞ்சு மேலங்கியோடு உட்கார ஆரம்பித்தார்கள். அதற்குக் கலைஞர் உடை என்று பெயர். மயக்கம் போட்டு விழுந்தவர்களுக்கும் அந்த உடை நன்றாகத்தான் இருந்தது.

லெய் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, அடம் பிடிக்காதீங்க. கைபேசி நான் தர்றேன். மேலங்கியும் தர்றேன். உங்களுக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும்."

"அதுல வாசிக்கிறது யாருடா?"

"நீங்கதான்."

"என் வாசிப்ப நானே எதுக்குத் திருடணும்?"

"எங்களுக்கெல்லாம் கூச்சமாவே இல்லையே, அண்ணே."

"உங்களுக்கு எதுக்குக் கூச்சம்? நீங்க அடுத்தவனோடத திருடுறீங்க."

அவன் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை என் நாற்காலியில் உட்கார்ந்தான். வெந்நீர்ப் புட்டியையும் விட்டுவைக்கவில்லை. கோபத்தில் இரண்டாவது இடம் அவனுக்கு.

ஜூலையில் ஹுய் கெமினின் அம்மா இறந்தார். தொண்ணூற்றொரு வயது. எங்கள் தெருக்காரர். நாடகம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் முக்காலி போட்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்காருவார். கசப்புப் பாட்டு தொடங்கினால் கொறிப்பது நின்றுவிடும். மகன் செய்த எதற்கும் அந்த அம்மா பொறுப்பில்லை. அதனால் போனேன். பான்ஹுவையும் எடுத்துக்கொண்டு போனேன். காரணம், ஹுய் கெமின் எந்த நேரத்தில் என்னைத் தேடி வருவார் என்று எனக்கு ஓரளவு கணக்கு இருந்தது.

முற்றத்தில் சவப்பெட்டி இருந்தது. இறந்தவருக்காக எரிக்கிற காகித வீடு, காகிதக் கார், காகிதக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருந்தன. பெட்டியைப் பன்னிரண்டு மணிக்குள் தூக்க வேண்டும் என்று நாள் பார்ப்பவர் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்குள் மகன் அழுதாக வேண்டும். எங்கள் பக்கம் மகன் எப்படி வாழ்ந்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாயின் பெட்டியைத் தூக்கும்போது எப்படி அழுதான் என்றுதான் கேட்பார்கள். அதைப் பேரன் காலத்திலும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உரிமம் பெற்ற பதினோரு பேரும் மேலங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு கைபேசிகளையும் ஒரே நொடியில் தொடங்க முடியவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடியதால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி கேட்டது. வாசலில் ஷுவே நிங் வைத்திருந்த கருவி தொண்ணூற்றேழு காட்டியது. ஹுய் கெமின் வெள்ளைத் துணி கட்டி மண்டியிட்டிருந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார்.

வாசலோரம் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வாய் தொறந்திருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

"கூட்டத்துல பேசிப் பேசி வறண்டிருக்கும்."

"என் மாமியார் செத்தப்ப எனக்கு நாலு கைக்குட்டை நனைஞ்சுது. அந்தக் கிழவியக் கண்டாலே எனக்கு ஆகாது."

"பெத்த அம்மாவுக்கு ஒரு சொட்டு இல்ல. இவருக்குப் பண்பாட்டு அலுவலகம் வேற."

பதினொன்றேகால் ஆயிற்று. நான் பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மிளகாய் எண்ணெய் ஊற்றிய சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹுய் கெமின் வந்தார்.

"தாங் மாஸ்டர், கொஞ்சம் வாசிங்க."

"உரிமம் இல்லையே, ஐயா."

"இன்னைக்கு அதெல்லாம் பேசாதீங்க."

"உரிமம் இல்லாதவன் வாசிக்கக் கூடாதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அழகான கையெழுத்து. தினமும் சுவத்துல பாக்கிறேன்."

"மாஸ்டர், எனக்கு அழுகை வரல." குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அம்மான்னா எனக்கு உயிரு. ஆனா அந்த இசையக் கேட்டா, உட்காந்து குறிப்பு எடுக்கணும்போல இருக்கு."

அது உண்மை என்று எனக்குப் பட்டது. உண்மை வேறு, பாக்கி வேறு.

"சான்றிதழைக் கொடுங்க, வாசிக்கிறேன்."

"முத்திரை அலமாரியில. பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒரு சாவிக்காரர் லீவு."

"அப்ப நானும் லீவு." சேமியாவை உறிஞ்சினேன்.

அவர் மண்டியிட்டார். எனக்கு முன்னால், அடுப்புச் சாம்பலில், நெற்றி தரையில் படும்படி. இதை நான் வெற்றியாகக் குறித்துக்கொள்ள வழியில்லை. துக்கத்தில் இருக்கிற மகன் பெட்டி தூக்க வருகிறவர்கள், சமையல்காரர், அண்டை வீட்டார் எல்லோர் முன்னாலும் மண்டியிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காலையிலிருந்து வெங்காயம் நறுக்குகிறவனுக்கும் அவர் மண்டியிட்டிருந்தார். ஆக அது மரியாதைதான், மன்னிப்பு ஆகாது.

"நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் சான்றிதழ் உங்க கையில இருக்கும்," என்றார். "அம்மா மேல சத்தியம்."

பெட்டிக்குள் இருக்கிற தாயின் மேல் செய்கிற சத்தியத்தை எங்கள் ஊரில் மறுக்கக் கூடாது. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. வாசலில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. உரிமம் இல்லாத வாசிப்பு அதில் பதிவானால் நேராக மாகாணத்துக்குப் போய்விடும். அதை நிறுத்தினாலும் தகவல் போய்விடும். ஹுய் ஷுவே நிங்கைக் கூப்பிட்டார். அவள் கருவியில் ஒலி வகைகளின் பட்டியலைப் பார்த்தாள்.

"ஒரு வகை இருக்கு," என்றாள். "பின்னணி இரைச்சல். காத்து, காக்கா, பட்டாசு, பாத்திரச் சத்தம் இதெல்லாம் அதுல வரும். அதுக்கு உரிமம் தேவையில்ல."

"அதுல போடு," என்றார் ஹுய்.

"ஐயாவுக்குச் சம்மதமா?"

"கிழவிக்கு அது என்னன்னு தெரியும்," என்றேன்.

என்னைக் காகித வீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். வாசித்தேன். பதினொரு மாதம் யாருக்கும் வாசிக்காத கை. ஏழாவது சுரம் முதல் தடவை வந்து வாசலில் தயங்கி நின்றபோதே முற்றத்தில் ஒரு சத்தம் கேட்டது. மாடு மாதிரி. அது ஹுய் கெமின். அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் தேவைப்பட்டது, பிறகு மூன்று. கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தார்கள். ஷுவே நிங்குக்குக் கண்ணீரில் திரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சிவப்பைத் தவிர வேறு ஒன்றும் இருந்திருக்காது. லெய் மான்சாங்கும் மற்றவர்களும் வில்லைக் கீழே போட்டுவிட்டு அழுதார்கள். அவர்களுடைய மேலங்கிகள் மட்டும் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன.

பெட்டி பதினொன்றே ஐம்பதுக்கு எழுந்தது. மகன் என்றால் இவன் மகன் என்று ஊர் சொன்னது.

நாற்பத்தொன்பது நாளும் எண்ணிக் காத்திருந்தேன். ஐம்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். ஹுய் கெமின் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், மாகாணத்துல ஒரே பாராட்டு. அன்னைக்குப் பதிவைப் பகுத்துப் பாத்திருக்காங்க. பின்னணி இரைச்சல் அதிகமான அதே நிமிஷம் அழுகையும் அதிகமாயிருக்கு. இசைக்கும் அழுகைக்கும் சம்பந்தமில்ல, இரைச்சல்தான் அழ வைக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. நம்ம வட்டத்தோட கண்டுபிடிப்பு. இனிமே எல்லாச் சாவுக்கும் உரிமம் பெற்ற இசையோட, உரிமம் பெற்ற இரைச்சலும் கட்டாயம்."

"என் சான்றிதழ்?"

"தயார். 'மாதிரி இரைச்சலின் மூலவர்.' முத்திரை கூடக் குத்தியாச்சு. பெயர் மட்டும் எழுதணும்."

"மாதிரி ஒலின்னுதானே சொன்னீங்க?"

"ஒலியில உங்களுக்கு ஐம்பத்தெட்டு, மாஸ்டர். இரைச்சல்ல நல்ல எதிர்காலம் இருக்கு. ஒரு சின்னத் தேர்வுதான்."

மாதிரி இரைச்சல் என்பது அன்று நான் வாசித்ததுதான். ஆனால் சீஆனில் அதையும் சுத்தம் செய்திருந்தார்கள். இரைச்சலில் கலந்திருந்த இசையை நீக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பட்டாசும் பாத்திரமும் ஒரு காக்கையும். நான் வாசித்தேன். அறுபத்துநான்கு.

ஷுவே நிங் மெதுவாகத்தான் சொன்னாள். "ஐயா, இரைச்சலுக்கு இதுல சுருதி அதிகமா இருக்கு."

அப்போது வில்லை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பதினாறு மதிப்பெண்தான் குறைச்சல். எனக்கு வர வேண்டிய சான்றிதழ், முத்திரையோடு, என் பெயருக்கு இடம் விட்டு, அவர் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. மறுநாள் காலையிலிருந்து பயிற்சி செய்தேன். வில்லுக்குப் பிசின் தேய்ப்பதை நிறுத்தினேன். தந்தியைத் தளர்த்தினேன். முதல் வாரம் எழுபது. மூன்றாம் வாரம் எழுபத்தேழு. லெய் மான்சாங் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"இப்ப பரவால்ல, அண்ணே. ஆனா நடுவுல ரெண்டு இடத்துல நல்லா வந்துடுது. கவனமா இருங்க."

போன வியாழக்கிழமை காலை பக்கத்துச் சந்தில் ஒரு செங்கல்சூளைக்காரர் இறந்துபோனார். அவர் மகன் வந்து கூப்பிட்டான். இருபது வயதுதான் இருக்கும். போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். என் தேர்வுக்காகக் கருவி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பையன் மண்டியிட்டு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

எண்பத்தொன்று.

தெருவே வந்து கையைக் குலுக்கியது. உரிமம் கிடைத்துவிட்டது, தாங் அண்ணே, உங்களுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்றார்கள். பையன் வாயைத் திறந்தபடியே இருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த எண்பத்தொன்றை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ஹுய் கெமினின் நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். இரைச்சலைக் கண்டுபிடித்ததற்காக ஹுய்யை மாகாணத் தலைநகருக்கு உயர்த்திவிட்டார்களாம். மேசை இழுப்பறை காலியாக இருந்தது.

"சான்றிதழா?" என்றார் புதியவர். "அது அவர் தனிப்பட்ட முறையில கொடுத்த வாக்கு. கோப்புல ஒண்ணும் இல்ல."

ஹுய் கெமின் இன்னும் தரவில்லை. இப்போது அவரிடமிருந்து எனக்கு வர வேண்டியது ஒரு சான்றிதழ் மட்டும் இல்லை. அந்தச் சூளைக்காரர் மகன் வியாழக்கிழமை அழ வேண்டிய அழுகையும் அவர் கணக்கில்தான் இருக்கிறது. பாதி என் கணக்கில் என்று லெய் மான்சாங் சொல்கிறான். அவன் மீதான கோபத்தை முதல் இடத்துக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.